நூறு பேர் இருந்தால் ஊர்

கூலிம்
10-2-2603

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அழகேசன் எழுதுவது. நான் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறேன். நீயும் மாமாவும் அம்மாவும் அப்படியே இருக்கவேண்டும். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது?

தேதியைப் பார்த்துச் சிரிக்காதே. ஆபீசில் இப்போது ஜப்பான் வருஷம்தான் போடவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துத் துரை ஓடிப்போன பிறகு நம் ஒன்பதாங்கட்டை யாருடையது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கரங்கானுக்குப் போகும் சடக்கில் ஒன்பதாவது மைல் கல், அதன் அருகே இரண்டு லயம், இருபத்திரண்டு வீடு என்று நானே வாயால் சொல்லி விளக்கினேன். இப்போது ஓர் உத்தரவு வந்திருக்கிறது. நூறு பேருக்குக் குறையாமல் குடியிருக்கும் இடத்தைத் தனி ஊராகப் பதிவார்கள். தனி ஊருக்குத் தனித் தலைவர் உண்டு, அரிசியும் உப்பும் தனியாக வரும். ஓர் ஆள் குறைந்தாலும் பெரிய தோட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். எல்லோரையும் அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், நம் லயங்களைப் பலகைக்காகப் பிரித்துவிடுவார்கள்.

மாமா ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் என்பதால் தலைவர் பழனியாண்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு எழுத்து தெரியாது. கணக்கெழுதும் கிராணியும் துரையோடு போய்விட்டார். நான்காம் வகுப்பு வரை படித்தவள் அங்கே நீ ஒருத்திதான். வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதி அனுப்பு. மாதா மாதம் அனுப்பவேண்டும். ஊர்ப் பேரேடு என் மேசையில்தான் இருக்கிறது.

கடிதங்களை எல்லாம் பெரியவர்கள் பார்வையிட்ட பிறகுதான் கொடுக்கிறார்கள். ஆகையால் அழகான கையெழுத்தில், நிதானமாக எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி
அழகேசன்


ஒன்பதாங்கட்டை
24-2-1943

அன்புத் தம்பிக்கு அக்கா புஷ்பவள்ளி எழுதிக்கொண்டது. நீ சுகமென்று எழுதியதைப் படித்து எங்களுக்கும் பாதி சுகம் வந்துவிட்டது. நீ போட்ட வருஷத்தைக் கேட்டு மாமா, "அறுநூறு வருசமா தூங்கிட்டேன், ஏன்டி எழுப்பல?" என்று கேட்டார். எனக்கு என் வருஷமே போதும்.

அம்மா இருமிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் இருமலுக்கு நடுவே என்னைத் திட்டுவதற்கு மூச்சு இருக்கிறது.

ஆபீஸ் ஐயா நீ சொன்னபடி வீடு வீடாகப் போனேன். நோட்டுப் புத்தகம் கிடைக்கவில்லை. பழைய ரப்பர்ப் பால் கணக்குக் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மாமா பெயரை எழுதும்போது மட்டும் கூச்சமாக இருந்தது. வாயால் சொல்லக்கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதிவிட்டேன்.

மொத்தம் தொண்ணூற்று நான்கு பேர். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். இனி என்ன செய்வது என்று நீயே சொல். பலகையைப் பிரிக்க வருகிறவன் என் அடுப்படியை முதலில் பிரிக்கவேண்டாம் என்று எழுதிவை.

கண்ணும் கருத்துமாக இரு. சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா
புஷ்பவள்ளி


கூலிம்
6-3-2603

அன்புள்ள அக்காவுக்கு, உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் நெஞ்சுக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கொடு.

தொண்ணூற்று நான்கு என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் ஊரை விட்டு வரும்போதே நூற்றுக்கு மேல். நேற்று வேலை இல்லாத நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே போனவன் பெரட்டுக் களத்தில் போய் நின்றுவிட்டேன். நினைவிருக்கிறதா? விடிவதற்கு முன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். எல்லோரும் வாளியும் கத்தியுமாக வரிசையில் நிற்பார்கள். கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். மற்றவர்கள் முனகுவார்கள். "செல்லாயி" என்றதும் அம்மா போடும் சத்தம் ரப்பர் மரங்களின் கடைசி நிரை வரை போகும். "இருக்கேன்யா!" கிராணி காதைப் பொத்திக்கொண்டு, "தெரியுது லா, தெரியுது" என்பார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பாமல் லயத்தில் படுத்திருக்கும் நான் அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்பேன்.

இந்த ஊரில் அப்படிக் கூப்பிட்டு எழுப்ப ஆள் இல்லை. நானாக எழுந்துகொள்கிறேன்.

இன்னொரு தடவை போய் எண்ணு. குழந்தைகளையும் சேர்த்தாயா? கைக்குழந்தையும் ஓர் ஆள்தான்.

உன் தம்பி
அழகேசன்


ஒன்பதாங்கட்டை
20-3-1943

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசீர்வாதம். நீ சொன்ன ஒத்தடம் கொடுத்தேன். அம்மாவுக்குச் சற்றுத் தேவலை. நீ பெரட்டைப் பற்றி எழுதியதை வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.

நூற்று மூன்று!

எப்படி என்று கேள். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று நம் பெண்கள் சிலர் வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அய்யாவுவின் பெண்டாட்டி பிச்சையம்மாளுக்கு நாலு பிள்ளை. மூன்று என்றாள். கடைக்குட்டி அவள் சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிறது. "இது யாரடி?" என்றேன். "அது சும்மா நிக்கிது" என்றாள். இப்படி எட்டுப் பிள்ளைகள். ஒன்பதாவது ஆள் அம்மாசி. அறுபது வயது. கணக்கெடுக்கிறார்கள் என்றதும் நிரைக்குள் ஓடிப்போய் ரப்பர் மரத்தின் பின்னால் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பிச்சையம்மாளிடம், "எண்ணினால்தான் ஊர், எண்ணாவிட்டால் லாரி" என்று சொல்லிப் பெயரை வாங்கினேன். அரை மனதோடு கொடுத்தாள். ஏதாவது ஆனால் என்னைத்தான் கேட்பாள்.

ஊர் என்று எழுதிவிட்டதும் ஒரு வரி போடு. மாமா தலைவர் ஆகிவிட்டால் சட்டைக்குப் பட்டன் தைக்கவேண்டும். இருக்கிற ஒரே சட்டை அது.

அக்கா
புஷ்பவள்ளி


கூலிம்
20-5-2603

அன்புள்ள அக்காவுக்கு, நான் நலமே. அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று உன் சென்ற மாதச் சீட்டின் ஓரத்தில் எழுதியிருந்தாய். அன்றிலிருந்து வேலையில் மனம் ஓடவில்லை. காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை தேடிக்கொண்டிருக்கிறேன். நூறு வீட்டுக் கதவைத் தட்டியாவது வாங்கி அனுப்புவேன். நானே வர ஆசைதான். பாஸ் இல்லாமல் ஊரைத் தாண்ட முடியாது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் கிடைக்கவில்லை.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒன்பதாங்கட்டை தனி ஊர். என் கையால் பதிந்தேன். நம் லயத்துக்குப் பெயர் எழுதுகிற நாள் வரும் என்று நினைத்ததே இல்லை.

பெரிய தோட்டத்துக்குச் சென்ற வாரம் மூன்று லாரி வந்தது. சயாமில் ரயில் ரோடு போடுகிறார்களாம். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று அறிவிப்பு. ஐம்பது பேர் கேட்டார்கள், ஐம்பத்தாறு பேர் ஏறிப் போயிருக்கிறார்கள். முன்பு போனவர்களிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லை. வேலை மும்முரமாக இருக்கலாம். தனி ஊர்களில் இப்போதைக்கு ஆள் கேட்கவில்லை. அங்கே மரவள்ளி பயிரிட ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மாமாவைப் போல வாட்டசாட்டமானவர்களுக்குப் பயிர் வேலைதான் ஏற்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

நூறு நல்ல எண், அக்கா.

அம்மாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அழகேசன்


ஒன்பதாங்கட்டை
2-7-1943

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நீ நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நூறு நல்ல எண் என்று எழுதியதை உன் மாமாவுக்கு வாசித்தேன். எழுந்துபோய் மரவள்ளிக்கு இன்னும் இரண்டு பாத்தி வெட்டினார். எனக்கு அவர் முதுகைப் பார்க்கப் பயமாக இருந்தது. இந்த ஆளை லாரியில் ஏற்றிவிட்டு நான் எந்த வாசலில் நிற்பது?

கணக்கு இது. கோலா கெத்திலில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று முருகையாவும் அவர் பெண்டாட்டியும் போய்விட்டார்கள். காலில் விழாத குறையாகக் கேட்டும் நிற்கவில்லை. நூற்று ஒன்று ஆயிற்று. போன செவ்வாய்க்கிழமை பிச்சையம்மாளின் கடைக்குட்டி காய்ச்சலில் போய்விட்டது. சேலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததே, அதுதான். "நான் ஒண்ணும் சொல்லல புஷ்பவள்ளி. நீ எண்ணாம இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அன்று இரவு நான் சோறு தின்னவில்லை. சோறு ஏது, கிழங்குதான், அதையும் தின்னவில்லை.

இப்போது சரியாக நூறு. இதற்குக் கீழே ஒரு தலைகூடக் குறையக்கூடாது. காலையில் எழுந்ததும் லயத்தை ஒரு நடை நடந்து, இருமுகிறவர்கள் எல்லோரும் இருமுகிறார்களா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

அம்மாவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வருகிறது. கொயினா கிடைத்தால் உடனே அனுப்பு.

அக்கா
புஷ்பவள்ளி


ஒன்பதாங்கட்டை
9-8-1943

அன்புத் தம்பிக்கு, நீ சுகமாக இருக்கவேண்டும் என்று முனியாண்டியை வேண்டிக்கொண்டு அக்கா எழுதுவது.

இந்த மாதக் கணக்கு நூறு. போன மாதப் பெயர்களேதான், மாற்றம் இல்லை.

நீ அனுப்பிய கொயினா மாத்திரை நான்கும் போன வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. பிச்சையம்மாளின் பெரியவனுக்குக் கொடுத்தேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். அம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அம்மா இப்போது இருமுவதில்லை. குளிரும் வருவதில்லை. உன்னைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. எழுத வேறொன்றும் இல்லை.

அக்கா
புஷ்பவள்ளி


கூலிம்
26-8-2603

அன்புள்ள அக்காவுக்கு, அம்மா இருமுவதில்லை என்று நீ எழுதிய வரியை நான்கு தடவை படித்தேன். நான்கு மாதமாக என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இங்கே ரொட்டிக் கடைக்காரருக்குக்கூட அந்தச் செய்தியைச் சொன்னேன்.

இதைத் தபாலில் போடாமல் வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அதனால் திறந்து எழுதலாம். இரண்டு மாதமாக நூறு, நூறு என்றே வருகிறதே என்று பெரிய ஆபீசருக்குச் சந்தேகம். செப்டம்பர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, நேரில் வந்து எண்ணப் போகிறார். தமிழ்ப் பெயர் படிக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் வருகிறேன். பாஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவனுக்கு இப்படி வழி பிறந்திருக்கிறது.

ஒன்று மட்டும் கவனம். கடிதம் பார்க்கிறவர்கள் நம் உறவை இதுவரை கவனிக்கவில்லை. தலைவரின் மைத்துனன்தான் பேரேட்டை எழுதுகிறான் என்று தெரிந்தால் என்னையும் மாமாவையும் சேர்த்தே கட்டி வைத்து அடிப்பார்கள். யாரும் என்னைத் தம்பி என்றோ மகனே என்றோ கூப்பிடக்கூடாது. கிராணி ஐயா என்று கூப்பிடுங்கள். வீட்டு வாசலில் நின்று நான் பெயர் கூப்பிடுவேன். இருக்கிறவர்கள் குரல் கொடுத்தால் போதும்.

அம்மா பெயரை நானே கூப்பிடவேண்டும். பெற்றவள் பெயரை மகன் வாயால் சொல்வதா என்று கோபித்துக்கொள்வாள். பழைய பெரட்டு என்று நினைத்துக்கொள்ளச் சொல். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அவளுக்கு அரைக் காட்டி எடைக்குப் புகையிலை வாங்கி வைத்திருக்கிறேன். பேச முடியாவிட்டால் என்ன? முகத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

உன் தம்பி
அழகேசன்


கூலிம்
2-12-2486

அன்புள்ள அக்காவுக்கு, தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். நான் இருக்கிறேன். நீயும் மாமாவும் சுகமாக இருக்கவேண்டும்.

நம் கெடா மாநிலத்தைச் சயாம்காரர்களிடம் கொடுத்துவிட்டார்கள். வருஷமும் மாறிவிட்டது. ஒரே மாதத்தில் நமக்கெல்லாம் நூற்றுப் பதினேழு வயது குறைந்துவிட்டது என்று மாமாவிடம் சொல், சிரிப்பார். பழைய பேரேட்டை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாங்கட்டை தனி ஊராகவே இருக்கிறது. செப்டம்பரில் நேரில் எண்ணிய கணக்கு நூறு. அதற்குக் கீழே அந்த ஆபீசரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இனி யாரும் வந்து எண்ணமாட்டார்கள்.

அங்கிருந்து திரும்பிய மறுநாள் தலையை மொட்டையடித்துக்கொண்டேன். பேன் தொல்லை தாங்கவில்லை என்று ஆபீசில் சொன்னேன். ஆபீசர் பார்த்துவிட்டு, படைவீரனைப் போல இருக்கிறாய் என்று தோளைத் தட்டினார். எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, இவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். நான் குனிந்து வணங்கினேன்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன். உப்பு கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்.

மாதச் சீட்டைத் தவறாமல் அனுப்பு. பெயர்களை மாற்றவேண்டாம்.

தம்பி
அழகேசன்


ஒன்பதாங்கட்டை
16-1-1944

அன்புத் தம்பிக்கு, அக்காவின் ஆசை முத்தங்கள். பெரியவனான பிறகு இப்படி எழுதியதில்லை. இன்று எழுதத் தோன்றியது.

பொங்கல் வந்து போயிற்று. மரவள்ளி மாவில் பொங்கினோம். பொங்கவில்லை, கொதித்தது. முன்பெல்லாம் தோட்டத்து ஸ்டோரிலிருந்து பச்சரிசி வரும், இரண்டு லயத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு பானை ஒரே வரிசையில் வைப்போம். யார் பானை முதலில் பொங்குகிறது என்று அம்மாவும் காளியம்மா அத்தையும் சண்டை போடுவார்கள். இந்தத் தடவை அத்தை தனியாக நின்றாள்.

இரண்டாம் லயத்துப் பிரேமாவதிக்குப் பெண் பிறந்திருக்கிறது. அம்மாசி மார்கழிக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். ஒன்று வந்தது, ஒன்று போனது. நூறு.

உன் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். எப்போதும் முதல் வரியிலேயே ஒன்று கேட்பாய். இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்காததற்கு நான் பதில் எழுதவில்லை. தலைமுடி வளர்ந்துவிட்டதா?

உன் மாமா பாத்தியில் இருக்கிறார். இன்றைக்கும் வீட்டில்தான் படுப்பார். அதற்கு நீதான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.

அக்கா
புஷ்பவள்ளி


கூலிம்
10-10-1945

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி அழகேசன் எழுதுவது. நீ, மாமா, நம் இரண்டு லயத்தாரும் உயிரோடு இருப்பதே எனக்குச் சுகம். ஒன்றே முக்கால் வருஷமாக உன் மாதச் சீட்டின் கையெழுத்தைப் பார்த்துத்தான் மூச்சு விட்டேன். மேலே வருஷத்தைப் பார். உன் வருஷத்துக்கு நானும் வந்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் திரும்பிவிட்டான். கடிதங்களைப் பிரிப்பதில்லை. ஒன்பதாங்கட்டை தனி ஊர் என்ற பதிவை ரத்து செய்கிறார்கள். பழையபடி பெரிய தோட்டத்தின் டிவிஷன்தான். யாரையும் ஏற்றிப் போகமாட்டார்கள், பலகையைப் பிரிக்கமாட்டார்கள். இரண்டரை வருஷம் நாம் ஓர் ஊராக இருந்தோம், அக்கா. சயாமுக்குப் போன அந்த ஐம்பத்தாறு பேரில் இதுவரை ஏழு பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து ஒருவர்கூட ஏறவில்லை.

இனி நேராகவே கேட்கிறேன். எண்ண வந்த அன்று, முதல் லயத்தில் மூன்றாவதான நம் வாசலில் நின்றேன். காய்ச்சல்காரி படுத்திருக்கிறாள் என்று நீ சொன்னதும் ஆபீசர் படியிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் தலையை உள்ளே நீட்டினேன். கட்டிலில் தலை முதல் கால் வரை போர்வை. "செல்லாயி" என்று கூப்பிட்டேன். "இருக்கேன்யா" என்று குரல் வந்தது. அது காளியம்மா அத்தையின் குரல். அத்தையின் குரல் எனக்குத் தெரியாதா? பென்சில் கையில் இருந்தது. சரி என்று போட்டேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எல்லோரையும் காட்டிக்கொடுத்திருப்பேன்.

இரண்டாம் லயத்துக் கடைசி வாசலில் அத்தை மூச்சிரைக்க நின்றாள். கொல்லைப்புறமாக ஓடி வந்திருப்பாள். "காளியம்மா" என்றேன். "இருக்கேன்யா" என்றாள். அதே குரல். அதற்கும் சரி போட்டேன். பெயரைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்து, புகையிலையை அவள் கையில் வைத்துவிட்டு வந்தேன். வேறு யாரிடம் கொடுப்பது?

ஊர்ப் பேரேட்டை முடித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். செல்லாயி என்ற பெயர் இன்னும் அடிபடாமல் இருக்கிறது. என்றைக்கு? எங்கே வைத்தீர்கள்? நாள் தெரியாததால் அமாவாசை தவறாமல் எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை. ஆனாலும் கேட்கவேண்டும்போல இருக்கிறது.

தம்பி
அழகேசன்


ஒன்பதாங்கட்டை
18-10-1945

என் தம்பிக்கு, அக்கா புஷ்பவள்ளி எழுதுவது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை எழுத்தில் கேட்கப்போவதில்லை. கண்ணால் பார்க்கவேண்டும்.

நாற்பத்து மூன்றாம் வருஷம், ஆடி அமாவாசைக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையில், தண்டவாளம் தட்டுகிற நேரத்துக்கு. நீ அமாவாசையில் விட்டது இரண்டே நாள் பிசகு. அம்மா கோபித்துக்கொள்ளமாட்டாள். நீ எதற்குத்தான் நேரத்துக்கு எழுந்திருந்தாய்?

வியாழக்கிழமை சாயங்காலமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, "எத்தன பேருடி இருக்கோம்?" என்று கேட்டாள். "நூறும்மா" என்றேன். "நான் போயிட்டா?" என்றாள். நான் அழுதேன். "அழுவாத. என் பேர அடிக்காத. நான் பெரட்டுல நிக்கிறேன்னு எழுதிக்க. மாப்பிள்ளைய லாரியில ஏத்த விடாத" என்றாள். சற்றுப் பொறுத்து, "அவன்கிட்ட சொல்லாத. அவனுக்குப் பொய் எழுத வராது, கை நடுங்கிடும். தெரியாம எழுதினா நடுங்காது" என்றாள். தெரிந்தும் நீ எழுதினாய், தம்பி. அவள் உன்னைக் குறைவாக எடை போட்டுவிட்டாள்.

வண்டிக்காரர் கையில் உன் கடிதம் வந்த அன்று எல்லாவற்றையும் எழுதினேன். அவர் மாட்டை அவிழ்க்காமல் காத்திருந்தார். புகையிலை வாங்கி வைத்திருக்கிறேன் என்று நீ எழுதியதை மறுபடி படித்தேன். படித்துவிட்டு, எழுதியதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பதில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். நான் செய்ததில் பெரிய பாவம் அதுதான். உன்னை அந்த வாசலில் நிற்க வைத்துவிட்டேன். நீ சரி போட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தபோது உன் சட்டை முதுகில் நனைந்திருந்தது. ஓடிவந்து கட்டிக்கொள்ள முடியாமல், "அடுத்த வீடு இந்தப் பக்கம், கிராணி ஐயா" என்று சொன்னேன். என் வாய் எப்படிச் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை.

எரிக்கவில்லை. புகை தெரிந்தால் சடக்கில் போகிறவன் கேட்பான். மேளம் இல்லை, ஒப்பாரி இல்லை. இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிச்சையம்மாள்தான் குளிப்பாட்டினாள். "இவங்கள எண்ணிக்க புஷ்பவள்ளி. எவன் கேட்டாலும் நானும் சொல்றேன்" என்றாள். அந்த வார்த்தைக்கு நான் செத்த பிறகும் கடன்பட்டிருப்பேன். அம்மா பதினெட்டு வருஷம் பால் வெட்டிய நிரை உனக்குத் தெரியும். அதில் ஏழாவது மரத்தடியில் வைத்தோம். நீ கொடுத்த புகையிலையைக் காளியம்மா அத்தை ஒரு இணுக்குகூடக் கிள்ளவில்லை. தலைமாட்டில் புதைத்துவிட்டாள். அந்த அத்தை புகையிலைக்கு உயிரையே விடுவாள், உனக்குத் தெரியாதா?

இப்போது நாங்கள் நூற்று நான்கு பேர், அம்மாவைச் சேர்க்காமல். பிரேமாவதியின் பெண் ஓடுகிறாள். அவள் அம்மா எல்லோரிடமும் எண்ணியே சொல்கிறாள். ஊர் என்ற பெயர் போனால் போகட்டும். உன் மாமா சட்டையில் பட்டன் இருக்கிறது, சட்டைக்குள் ஆள் இருக்கிறார்.

பேரேட்டை முடித்துக் கொடுக்கிற முன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வா. இனி பாஸ் வேண்டாமே. கொள்ளி வைக்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் பெயரை ஆபீஸ் மேசையில் வைத்து அடிக்காதே. ஏழாவது மரத்தடிக்கு வந்து, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒரு தடவை பெயரைக் கூப்பிட்டுவிட்டு நீயே அடி. கை நடுங்கினால் நடுங்கட்டும்.

அக்கா
புஷ்பவள்ளி